அறுபத்தாறு மில்லி

நம்பர் மட்டும் போதும்ங்கிறியா? கண்ணாடி வேண்டாமா? சரி, ஒக்காரும்மா. இதுல வெக்கப்பட என்ன இருக்கு. இப்பல்லாம் வாரத்துக்கு மூணு பேரு இப்படித்தான் வர்றாக. பிரேமைப் போன்லயே பார்த்து எடுத்துக்கிடுறாக, பவர் டாக்டர் சீட்டுல இருக்கு, கடைசியில ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியா நிக்கும். பி.டி. எம்புட்டுன்னு கேக்கும். அப்பத்தான் எல்லாருக்கும் இந்தக் கிழவன் ஞாபகம் வருது.

இன்னிக்கு வேற ஊர் பூரா கரண்ட் இல்ல. மாசாமாசம் கம்பியில வேலைன்னு நிப்பாட்டுவான்ல, அந்த நாளு. காத்தாடியும் கெடையாது, லைட்டும் கெடையாது. நீ வாசப் பக்கமாத் திரும்பி ஒக்காரு, அந்த வெளிச்சம் போதும். இதுக்கு மிஷின் எல்லாம் வேண்டாம். இந்தா, இந்த ஸ்கேல்தான். சட்டைப்பையிலயே கெடக்கும். முப்பத்தோரு வருஷமா இதே ஸ்கேலு, கோடெல்லாம் தேஞ்சு போச்சு, ஆனா எனக்குத் தெரியும்.

டாக்டர் இதை எழுத மாட்டாரு. எந்த டாக்டரும் எழுதி நான் பார்த்ததில்ல. அது கண்ணாடிக்கடைக்காரன் வேலைன்னு விட்டுருவாரு. வேலை என்னன்னா, இந்தக் கண்ணுமணியோட நடுவுல இருந்து அந்தக் கண்ணுமணியோட நடு வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர்னு, நாங்க மில்லிம்போம், அளக்கணும். அம்புட்டுதான். லென்ஸுக்கும் ஒரு நடு உண்டு. அதோட நடுவும் உன் கண்ணோட நடுவும் நேருக்கு நேர் நிக்கணும். தள்ளி நின்னுச்சுன்னா கண்ணு அதுபாட்டுக்கு இழுத்துக்கிட்டே கெடக்கும். பவர் கொறச்சலா இருந்தா மூணு மில்லி, நாலு மில்லி போனாலும் ஆளுக்குத் தெரியாது. சோடாபுட்டி கண்ணாடி இருக்கு பாரு, அதுக்குத்தான் ஒரு மில்லி போனாலும் கண்ணு கோவிச்சுக்கிடும்.

உனக்கு என்ன பவரு? மைனஸ் அஞ்சேகால். ம். கொஞ்சம் கோவக்காரக் கண்ணுதான்.

ஒக்காரு, ஒக்காரு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குன்னு நீதானே சொன்ன. இதை வெரசா அளக்கக் கூடாது. நான் மூணு தடவை அளப்பேன். முன்னாடி அப்படி இல்ல. முன்னாடி எப்படின்னு கேக்குறியா?

முன்னாடி நான் பொம்பளைகளுக்கு அளக்கவே மாட்டேன்.

சிரிக்காத. இது எப்படி அளக்கணும்னு தெரியுமா உனக்கு? ஒரு முழந்தூரத்துல முகத்துக்கு முகம் ஒக்காரணும். உன் மூக்கு மேல நான் ஸ்கேலை வைக்கணும். நான் ஒரு கண்ணை மூடிக்கிட்டு உன் கண்ணைப் பார்க்கணும், நீ என் கண்ணைப் பார்க்கணும். இது என்ன பட்டணமா? வீட்டுக்காரர் பக்கத்துல நிப்பாரு. மாமியா நிப்பா. ஒரு ஆம்பளை கண்ணைச் சிமிட்டிக்கிட்டு அடுத்தவன் பொண்டாட்டி கண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தா, அன்னிக்கே என் கடை ஷட்டரை இறக்கிருப்பாக. அதனால ஆம்பளைக்கு அளப்பேன். பொம்பளைக்கு ஐம்பத்தொம்பதுன்னு போட்டுருவேன். முகம் அகலமா இருந்தா அறுபது. நிமிர்ந்து கூடப் பார்க்க மாட்டேன். ஊர்ல எனக்கு அதுல பெரிய பேரு. சிவஞானம் கடைக்கு வயசுப்பிள்ளையத் தனியா அனுப்பலாம்னு சொல்வாக. ஒரு பொம்பளை முகத்தையும் நான் ஏறிட்டுப் பார்த்ததில்ல. அது சத்தியமான வார்த்தை.

பெரிய தப்பு ஒண்ணும் வந்ததில்லம்மா. தலை வலிக்குதுன்னு நாலு பேரு வருவாக. போகப் போகப் பழகிரும்னு சொல்லி அனுப்பிருவேன். பழகிரும். நெசமாவே பழகிரும். கண்ணு மாதிரி பொறுமைசாலி ஒடம்புல வேற எதுவும் கெடையாது.

இப்ப நேராப் பாரு. என் இடது கண்ணை மட்டும் பாரு. வலது கண்ணை நான் மூடிக்கிடுறேன். அங்கிட்டு இங்கிட்டு போகாத. ம்... இப்ப இந்தக் கண்ணு. சரி. ஒண்ணாவது தடவை அறுபத்தொண்ணு. இரு, சொல்லிட்டுத்தான் எழுதுவேன், எழுதிட்டுத்தான் அடுத்தது.

என் வீட்டுக்காரி பேரு ராஜபுஷ்பம். இருக்கா, இல்ல... அவ போயி இந்தப் பங்குனி வந்தா ஒரு வருஷம்.

அவளுக்கு மைனஸ் எட்டு. எனக்கு ஆறு. கல்யாணத்தன்னிக்குச் சோடாபுட்டி ஜோடின்னு பந்தியிலயே கேலி பண்ணினாக. ஆனா நான் பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கு அவ கண்ணாடி போடலை. கண்ணாடி போட்ட பொண்ணைக் கண்ணாடியோட யாரு காட்டுவா? கழட்டி வச்சுட்டுத்தான் காப்பித்தட்டோட அனுப்பினாக. அவளுக்கு நான் பனிமூட்டம் மாதிரித் தெரிஞ்சிருப்பேன். நான் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்படித்தான் ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு.

நிச்சயம் முடிஞ்சதும் எங்க மாமனார் கடைக்கு வந்தாரு. கையில டாக்டர் சீட்டு. "மாப்ளே, பொண்ணுக்குப் பழைய கண்ணாடி கீறிப் போச்சு. நல்ல பிரேமாப் பார்த்து நீங்களே ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க"ன்னாரு. பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, அளக்கணும்னு சொன்னேன். அவரு முகம் போன போக்கைப் பார்க்கணுமே. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணைக் கடைக்கு அனுப்புறதா? "என்னத்தை அளக்கப் போறீக, இதுலதான் எல்லாம் இருக்கே"ன்னு சீட்டைக் காட்டுறாரு. எல்லாம் இருந்துச்சு. அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.

அன்னிக்குச் சாயங்காலம் புதுக் கார்டு எடுத்தேன். எங்க கடையில ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கார்டு. பேரு எழுதினேன், பவர் எழுதினேன். பி.டி.ங்கிற எடத்துல பேனா நின்னுச்சு. ஐம்பத்தொம்பதுன்னு போட்டிருக்கணும். எல்லாப் பொம்பளைக்கும் போடுற மாதிரி போட்டிருந்தாக்கூடப் பாதகமில்ல. எனக்கு இருபத்தெட்டு வயசும்மா. நாளைக்கு ஒண்ணாகப் போற ரெண்டு பேரு. என் கண்ணு அளவுலயே அவளும் உலகத்தைப் பார்க்கட்டும்னு ஒரு நெனப்பு. அறுபத்தாறுன்னு எழுதினேன். அது என் நம்பரு.

எழுதிட்டு நானே சிரிச்சுக்கிட்டேன். யாருக்கும் காட்டாத காதல் கடுதாசி மாதிரி அந்தக் கார்டை எடுத்து உள்ள வச்சேன்.

அப்புறம் மாத்தியிருக்கலாமேன்னு கேக்குற. உன் முகத்துலயே தெரியுது. இந்த நம்பரு மாறாதும்மா. பவர் வருஷா வருஷம் மாறும், பி.டி. வளர்ந்த ஆளுக்கு மாறவே மாறாது. அதனால நாங்க ஒரு தடவை கார்டுல ஏத்திட்டா ஆயுசுக்கும் அதைத்தான் பார்த்து எழுதுவோம். அவ பவர் ஏறும்போதெல்லாம் புதுக் கண்ணாடி போட்டுக் குடுத்தேன். ஆறு கண்ணாடி. ஆறும் அறுபத்தாறு. நானே எழுதினது எனக்கே மறந்து போச்சு. கார்டு சொல்லுது, நான் போடுறேன்.

கல்யாணம் ஆன மூணாம் நாளே சொன்னா. வாசல்ல கோலம் போட்டுட்டு நிமிர்ந்தவ, நான் தெருமுனையில இருந்து வர்றதைப் பார்த்துட்டு ஒரு கண்ணை மூடினா. நான் கண்ணடிக்கிறான்னு நெனச்சேன். நடுத்தெருவுல! எனக்குக் காதெல்லாம் சூடாகிப் போச்சு. வீட்டுக்குள்ள வந்ததும், "ஏங்க, தூரத்துல வரும்போது நீங்க ரெண்டு பேரா வர்றீக, ஒரு கண்ணை மூடினாத்தான் ஒருத்தரு"ங்கிறா. புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிரும்னேன்.

மூணாம் பிறை பார்க்கப் போவா, ரெண்டு பிறை தெரியுதும்பா. உனக்கு மட்டும் டபுள் அதிர்ஷ்டம்னு சொல்வேன். கோயில் கோபுரத்துல கலசம் எத்தனைன்னு கேட்டா, எண்ணிட்டுப் பாதியாக்கிச் சொல்வா. கிட்டத்துல ஒண்ணும் இல்ல, அரிசியில கல்லு பொறுக்குவா, பூக் கட்டுவா. தூரம்தான். அதுவும் பொழுது சாயச் சாய, அலுப்பு ஏற ஏற, பிரிஞ்சு போயிரும். தலைவலித் தைலம் வாங்காத மாசம் கெடையாது.

ஆனா அவ அழுமூஞ்சி இல்லம்மா. அதுலயும் ஒரு வெளையாட்டு வச்சிருந்தா. எங்களுக்குப் பிள்ளை இல்ல. வீட்ல நானும் அவளும்தான். அவ கணக்குப்படி மூணு பேரு. நான் நடையில நின்னு சத்தம் போட்டுக்கிட்டு இருப்பேன். எனக்குக் கொஞ்சம் கோவம் ஜாஸ்தி, அதை ஏன் மறைக்கணும். கொழம்புல உப்பு, சட்டையில மடிப்பு, ஏதாவது ஒண்ணு. அவ அடுப்படியில இருந்து எட்டிப் பார்ப்பா. பார்த்துட்டு, எனக்கு ஒரு சாண் தள்ளி, இடது பக்கமாப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்களேன் இவருக்கு"ம்பா. யார்ட்டடி பேசுறன்னு கேட்டா, "அந்தா நிக்கிறாருல்ல, இன்னொருத்தரு. அவரு வஞ்சதே இல்ல"ம்பா.

எனக்குச் சிரிப்பு வந்துரும். சில நாளு வராது. ஆளே இல்லாத எடத்தைப் பார்த்து ஒரு பொம்பளை அம்புட்டு வாஞ்சையாப் பேசினா யாருக்குத்தான் கோவம் வராது?

இரு, ரெண்டாவது தடவை. மோவாயை லேசாத் தூக்கு. என்னைப் பாரும்மா, ஸ்கேலைப் பார்க்காத. ம்... அறுபத்தொண்ணு. சரியா இருக்கு.

ரெண்டு டாக்டர்ட்டக் காட்டினேன். காட்டலைன்னு சொல்லாத. ரெண்டு பேரும் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாக. அவ வெளிய வந்து மெதுவா என்ன சொன்னாத் தெரியுமா? "டாக்டர் அந்த இரும்புப் பிரேமுல லென்ஸைப் போட்டுக் காட்டும்போது ஒண்ணாத்தான் தெரியுது. நம்ம கண்ணாடியைப் போட்டாத்தான் ரெண்டாத் தெரியுது." எனக்குச் சுருக்குன்னுச்சு. ஊர் பூரா என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்க்குது, என் பொண்டாட்டிக்கு மட்டும் கோளாறாம்! பழகிரும்னேன். "இத்தனை வருஷம் ஆச்சு, பழகப் பழகப் பாலும் புளிக்கும்னுதான் சொல்வாக"ன்னா. அன்னிக்கு வீட்ல ஒரே சண்டை.

அதுக்கப்புறம் ஒரு தடவை, ஏழெட்டு வருஷம் இருக்கும், அவ தம்பி வீட்டு விசேஷத்துக்கு மதுரைக்குப் போயிட்டு வந்தா. தம்பி பேரு தனுஷ்கோடி. "அவன் வீட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக்கடை இருக்கு, அங்க ஒரு தடவை..."ன்னு ஆரம்பிச்சா. நான் முடிக்க விடலை. கண்ணாடிக்கடைக்காரன் பொண்டாட்டி அடுத்த கடைக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தா, நான் கடையைப் பூட்டிச் சாவியைக் கெணத்துல போட்டுட்டுப் போக வேண்டியதுதான்னு கத்தினேன். நீயே சொல்லு, இதுல என்ன தப்பு? ஊரு சிரிக்காதா?

அவ அதோட விட்டுட்டா. ஏழு வருஷமா அந்தப் பேச்சே கெடையாது. ரெண்டாத் தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. தைலம் வாங்குறது கூடக் கொறஞ்சு போச்சு. பார்த்தியா, நான் சொன்னேன்ல, பழகிருச்சுன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. சாயங்காலம் நான் வீட்டுக்குள்ள நொழையும்போது மட்டும் இன்னும் ஒரு கண்ணை மூடித்தான் பார்ப்பா. அது பாசம்னு வச்சுக்கிட்டேன்.

தண்ணி குடிக்கிறியா? பானைத் தண்ணிதான். சரி, வேண்டாம்னா விடு.

போன பங்குனியில இதே மாதிரி ஒரு நாளு. கரண்ட் இல்ல. மத்த மாசமெல்லாம் கடையிலதான் விசிறிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். அன்னிக்கு வெக்கை தாங்கலை. பதினோரு மணிக்கே பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். கதவு உள்ள தாப்பா போட்டிருந்துச்சு. அவ மொட்டை மாடியில வடகம் காயப் போட்டுக்கிட்டு இருந்திருக்கா. புஷ்பம்னு கூப்பிட்டேன். கேக்கலை. மறுபடியும் கூப்பிட்டேன். வெயில்ல நிக்கிறேன், எனக்கு ஏறிக்கிச்சு. கதவைப் படபடன்னு தட்டி, செவிடாடி நீன்னு கத்தினேன். மேல இருந்து கொரல் வந்துச்சு, "வந்துட்டேங்க, வந்துட்டேன்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. வந்துட்டேன்னு சொன்னவ வரணும்ல? கையில இருக்கிறதை வச்சுட்டு வர்ற அளவுக்கு நேரம் ஆச்சு. அப்புறம் படியில காலு வைக்கிற சத்தம். எங்க வீட்டு மாடிப்படி செங்குத்துப் படி, பதினாலு படி, கைப்பிடி கெடையாது. மூணோ நாலோ சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேட்ட சத்தம் வேற.

பக்கத்து வீட்டுக்காரரு சொவரேறிக் குதிச்சுத்தான் கதவைத் தொறந்தாரு.

பெரியாஸ்பத்திரியில ஒரு ராத்திரி இருந்தா. தலையில கட்டு. கண்ணாடியைக் கழட்டி என் கையில குடுத்துட்டாக, ஒரு கீறல் கூட இல்ல. வெடிஞ்சு வெளிச்சம் வந்தப்ப கண்ணைத் தொறந்தா. ரெண்டு கண்ணையும் தொறந்து என்னையே பார்த்தா. இருபத்தாறு வருஷத்துல அவ என்னை ரெண்டு கண்ணாலயும் பார்த்து நான் பார்க்கலை. நானும் அவ கண்ணை அன்னிக்குத்தான் பார்த்தேன். கண்ணுமணியில லேசாப் பழுப்பு ஓடி இருந்துச்சும்மா. எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரு முழந்தூரம்தான். ஸ்கேல் சட்டைப்பையிலயே இருந்துச்சு.

ரொம்ப நேரம் பார்த்தா. பார்த்துட்டு, "ஒருத்தரு மட்டும்தான் வந்திருக்கீகளா?"ன்னா. எனக்குப் புரியலை. "அவரு வரலையா?"ன்னு கேட்டா.

அடிபட்ட மண்டை, ஏதோ ஒளறுதுன்னு நர்ஸைக் கூப்பிட எந்திரிச்சேன். திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

மூணாம் நாள் மாடிக்குப் போனேன். வேட்டி மேல வடகம் காஞ்சு சருகாக் கெடக்கு, காக்கா பாதியத் தின்னுருச்சு. கைப்பிடிச் சொவர் மேல ஒரு கண்ணாடி. என் கடைக் கண்ணாடி இல்ல. என் பிரேம் எனக்குத் தெரியாதா. காம்பை மடிச்சு, பதனமா, கண்ணாடி மேல்நோக்கி வச்சிருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு நேரா இங்க வந்தேன். இந்தா இந்த மிஷின்தான். லென்ஸை இதுல வச்சா அதோட நடு எங்க இருக்குன்னு மையால புள்ளி வச்சுக் காட்டும். ரெண்டு புள்ளிக்கும் நடுவுல ஸ்கேலை வச்சேன். ஐம்பத்தேழு.

அப்புறம் அவ போட்டிருந்த என் கண்ணாடியை வச்சேன். அறுபத்தாறு. கார்டை எடுத்துப் பார்த்தேன். அறுபத்தாறு. என் மூஞ்சியில கெடந்த கண்ணாடியைக் கழட்டி மிஷின்ல வச்சேன், அதுவும் அறுபத்தாறு. மூணு கண்ணாடியும் மேசை மேல கெடக்கு. அவ கண்ணு எத்தனைன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும், அதுவும் எவனோ ஒரு மதுரைக் கடைக்காரன் எழுதின நம்பரா. அவன் அவளை முகத்துக்கு முகம் ஒக்கார வச்சு அளந்திருக்கான். அரை நிமிஷம் ஆகியிருக்கும் அவனுக்கு.

எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலை. நல்ல கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மாடியில வேலை பாத்தவ, அதைச் சொவர் மேல கழட்டி வச்சுட்டு, ரெண்டாத் தெரியுற கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஏன் படியில எறங்கணும்?

பதினாறாம் நாள் தனுஷ்கோடி கேட்டான், நெறஞ்ச சபையில. "இதுல வெளங்காததுக்கு என்ன இருக்கு அத்தான்? ஏழு வருஷமா எங்க அக்கா நீங்க இல்லாதப்ப நல்ல கண்ணாடி, நீங்க வீட்ல இருந்தா உங்க கண்ணாடி. போடாத கண்ணாடியைப் புடவைத் தலைப்புல முடிஞ்சு வச்சுக்கிட்டே திரிஞ்சா. நீங்க கதவைத் தட்டினீக, பயந்து மாத்திக்கிட்டு எறங்கினா. உங்க சத்தம்தான் அவளைத் தள்ளி விட்டுச்சு."

அவனுக்கு என் மேல எப்பவும் ஆகாது. வெறும் வாயை மெல்றவன். நான் அடிச்சிருக்கேனா அவளை? ஒரு நாளு கை நீட்டினதில்ல. அப்புறம் பயம் எங்க இருந்து வரும்? எனக்கு அந்த மதுரைக் கண்ணாடியைக் காட்டக் கூடாதுன்னுதான் மாத்தினாங்கிறான். அப்படி இருக்காதும்மா. என் கண்ணாடி மேல ஒரு பிரியம் இருந்திருக்கும். அதுலதான அவளுக்கு அந்த இன்னொரு ஆளு தெரியுவாரு. நல்ல கண்ணாடியில நான் ஒருத்தன்தான். வையுறவன் மட்டும்.

அந்த இன்னொருத்தனைப் பத்தி உன்கிட்டச் சொல்லணும். கிறுக்குன்னு நெனச்சுக்கிடாத. அவ போன பிறகு அவன் வீட்டை விட்டுப் போகலை. நடையில, எனக்கு ஒரு சாண் தள்ளி, இடது பக்கமா. நான் பார்க்கிறதில்ல, ஆனா ஆளு நிக்கிறது தெரியும்ல, அது மாதிரி. எப்படியாவது பார்த்துரணும்னு என் கண்ணாடி, அதான் அவ போட்டிருந்தது, அதைப் போட்டுக்கிட்டு நெலைக்கண்ணாடி முன்னாடி நின்னேன். ஒருத்தன்தான் தெரியுறான். தெரியாம என்ன செய்யும், அது என் கண்ணு அளவுதானே. அப்புறம் ஐம்பத்தேழை எடுத்துப் போட்டேன்.

இருந்தான்.

என்னைய மாதிரியே இருக்கான். ஆனா ஓரம் கலங்கி, கொஞ்சம் எளசா, சாந்தமா. அவ சொன்னது சரிதான், வையுற மூஞ்சி இல்ல. ஏதாவது கேக்கலாம்னு வாயைத் தொறந்தா அவனும் தொறக்கிறான். அதனால ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுத்தான் நிப்போம். அவளுக்கு அவன் என்ன பதில் சொல்லுவான்னு எனக்குத் தெரியணும்மா. இருபத்தாறு வருஷம் அவன்கிட்டப் பேசியிருக்கா.

கரண்ட் இல்லாத நாளுல மட்டும் இப்ப நான் வீட்டுக்குப் போறதில்ல. முதல்ல நாலஞ்சு மாசம் போனேன். காத்தாடிச் சத்தம், டி.வி. சத்தம் எல்லாம் அடங்கினதும் மேல இருந்து கேக்கும். "வந்துட்டேங்க, வந்துட்டேன்." அம்புட்டுதான், அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்காது. நான் மெதுவா வா, மெதுவா வா, கண்ணாடியை மாத்தாதன்னு கீழ இருந்து சொல்லித்தான் பார்த்தேன்.

சரி, மூணாவது தடவை. நேராப் பாரு. இப்ப என் இடது கண்ணு... இப்ப வலது... ஏம்மா கண்ணு கலங்குது? கலங்கினா நடு தெரியாது. தொடச்சுக்க. ம், இப்பப் பாரு. அறுபத்தொண்ணு. மூணு தடவையும் அறுபத்தொண்ணு. இந்தா, சீட்டுல எழுதிட்டேன், கையெழுத்தும் போட்டுருக்கேன். போன்ல கேட்டா இதைப் போடு. வேற எவன் என்ன சொன்னாலும் மாத்தாத. நாளைக்கு ஒருத்தன் வந்து, என் கண்ணு அளவுலயே நீயும் பாருன்னு சொன்னாலும் மாத்தாத.

அரை நிமிஷம்தான் ஆச்சு, பார்த்தியா?

போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. உன் பழைய கண்ணாடியைப் போட்டுக்க. அந்த வாசல்ல போய் நின்னு திரும்பி என்னைப் பாரு. ரெண்டு கண்ணாலயும் பாரு. எத்தனை பேரு தெரியுது?

ஒருத்தன்தானா? நல்லாப் பாரும்மா. இடது பக்கம், ஒரு சாண் தள்ளி?

யாரும் இல்லையா.

சரி. போயிட்டு வா. வாசல்ல மூணு படி இருக்கு. நான் சத்தம் போடலை, மெதுவா எறங்கு.